பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருக்கிறது, வியாழன் மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. எந்த ஐபீஸ் வாங்கலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். ஏழாவது படிக்கிற மகள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை சம்பா அறுத்து நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக டெலஸ்கோப் வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கிற கண்ணாடி 114 மி.மீ., குழாயில் 900 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. கூடவே கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸில் எச் 20 என்று போட்டது ஒன்று, எஸ்ஆர் 4 என்று போட்டது ஒன்று, ஐபீஸோடு சேர்த்து மாட்டுகிற 3 மடங்கு பார்லோ, அப்புறம் கறுப்புக் கண்ணாடி வைத்த சின்ன வளையம் ஒன்று. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 675 மடங்கு.

முந்தாநாள் ராத்திரி களத்தில் வைத்து வியாழனைப் பிடித்தோம். 20-ஐப் போட்டால் வெள்ளையாக ஒரு பொட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு புள்ளி. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் மகள் இன்னும் பெரிதாகப் பார்க்கணும் என்றாள். 4-ஐப் போட்டால் மங்கலாக, தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிகிறது, ஒழுங்காகப் பார்ப்பதற்குள் ஓடியும் விடுகிறது. பார்லோவையும் சேர்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை, வெறும் இருட்டு. அரைமணி நேரம் போராடிவிட்டு மகள் தூங்கப் போய்விட்டாள்.

விற்றவரிடம் போனில் கேட்டேன், இன்னும் பவர் கூடிய ஐபீஸ் வாங்குங்கள் என்கிறார். டெலஸ்கோப்பில் கோளாறா, நான் வைக்கிற விதத்தில் கோளாறா என்று தெரியவில்லை. இன்னும் நாலாயிரம் ரூபாய் வரை போடலாம், அதை எதில் போடுவது? இந்த 20, 4 எல்லாம் எதைக் குறிக்கிற எண், மடங்கை எப்படிக் கணக்குப் போடுவது என்பதையும் யாராவது சொன்னால் மகளுக்கும் விளக்குவேன்.

—

திங்களூர் நிலா எழுதியது:

உங்கள் டெலஸ்கோப்பில் கோளாறு இருக்கிற மாதிரித் தெரியவில்லை. 20-ல் நாலு நிலவும் தனித்தனியாகத் தெரிந்தது என்றால் கண்ணாடி வேலை செய்கிறது. விற்றவர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கு வேண்டியது கூடுதல் பவர் இல்லை.

கணக்கு சுலபம். குழாயில் இருக்கிற 900 என்பது கண்ணாடியின் குவியத் தூரம், அதாவது வெளிச்சம் ஒரு புள்ளியில் வந்து கூடுகிற தூரம். ஐபீஸில் இருக்கிற 20, 4 என்பவை அந்தந்த ஐபீஸின் குவியத் தூரம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மடங்கு. 900-ஐ 20-ஆல் வகுத்தால் 45 மடங்கு, 4-ஆல் வகுத்தால் 225. பார்லோ அதை மூன்றால் பெருக்குகிறது, அதுதான் 675. அதாவது பெட்டிக்காரர் பொய்க்கணக்குப் போடவில்லை, கணக்கு சரிதான். ஆனால் அந்த மடங்கில் பார்க்க 114 மி.மீ. கண்ணாடியிடம் சரக்கு இல்லை.

ஏன் என்று நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கண்ணாடி அள்ளுகிற வெளிச்சம் மதகில் வருகிற தண்ணீர் மாதிரி, அளவு மாறாது. மடங்கைக் கூட்டுவது அதே தண்ணீரை இன்னும் அதிக நிலத்துக்குப் பரப்புவது. 45-லிருந்து 675-க்குப் போனால் நீளத்தில் 15 பங்கு, அகலத்தில் 15 பங்கு, ஆக ஒரு மா நிலத்துக்குப் பாய்ந்த தண்ணீரை 225 மா நிலத்துக்கு விடுகிறீர்கள். மண் நனையுமா? வியாழன் 225 பங்கு மங்கிப்போகிறது. நீங்கள் பார்த்த இருட்டில் பாதி அதுதான். மீதிப் பாதி, கோள் பார்வைக்குள்ளேயே இல்லாமல் போனது. பூமி சுற்றுவதால் எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும், 20 ஐபீஸில் ஒரு ஓரத்தில் நுழைந்த வியாழன் மறு ஓரம் போக ஏறக்குறைய நாலு நிமிடம், 4-ல் முக்கால் நிமிடம், பார்லோவும் சேர்ந்தால் கால் நிமிடம்தான். தாங்கி கொஞ்சம் ஆடினாலே போதும், அந்தக் கால் நிமிடமும் போச்சு.

பொதுவாக வைத்துக்கொள்கிற வரம்பு, கண்ணாடியின் மி.மீ. விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 114-க்கு 228. அதற்கு மேல் படம் பெரிதாகுமே தவிரப் புதிதாக ஒரு கோடும் தெரியாது, செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகத்துக்குப் பதில் மைப்புள்ளி தெரிகிற மாதிரி. அந்த 228-உம் காற்று அசையாமல் நிற்கிற அபூர்வ ராத்திரிக்குத்தான். மற்ற நாளில் 100-லிருந்து 150-க்குள் நின்றுவிடுவது நல்லது.

பகலில் ஒரு சோதனை செய்து பாருங்கள், மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மறுபக்கத்து வெறும் வானத்தை நோக்கிக் குழாயைத் திருப்பி, 20-ஐப் போட்டுக் குவியத்தைச் சரிசெய்துவிட்டு, கண்ணை ஒரு முழம் பின்னால் எடுங்கள். ஐபீஸ் நடுவில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு மிதக்கும். கண்ணாடி பிடித்த மொத்த வெளிச்சமும் அந்தப் பொட்டு வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. அதன் அகலம் 114-ஐ மடங்கால் வகுத்தது. 45 மடங்கில் இரண்டரை மி.மீ., கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. 100 மடங்கில் கசகசா அளவு. 4-ஐப் போட்டால் அரை மி.மீ., 675-ல் ஊசிமுனை. ஒரு மி.மீ.க்குப் பக்கத்தில் வருகிற ஐபீஸ்தான் கோள்களுக்குக் கைகொடுக்கும், அரை மி.மீ.க்குக் கீழே போனால் உங்கள் கண்ணுக்குள் மிதக்கிற தூசிதான் குறுக்கே வந்து நிற்கும்.

அதனால் என் யோசனை, 9 அல்லது 10 மி.மீ.-ல் பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 90, 100 மடங்கு கிடைக்கும். 4-ஐயும் பார்லோவையும் பெட்டியிலேயே போட்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்று சொல்லணும். 45 மடங்கு குறைச்சல் என்று நினைக்காதீர்கள். கலிலியோ 1610-ல் வியாழனின் நாலு நிலவையும் கண்டுபிடித்தது ஏறக்குறைய 20 மடங்குக் குழாயில். ஹைகன்ஸ் 1655-ல் சனியின் டைட்டன் நிலவைக் கண்டுபிடித்தது 50 மடங்கு சுமாரில். உங்கள் ஐபீஸில் இருக்கிற எச் என்ற எழுத்து அந்த ஹைகன்ஸ்தான், அவர் வகுத்த இரண்டு வில்லை அமைப்பு. மிக நீளமான குழாய்களுக்காக அந்தக் காலத்தில் செய்தது, இன்றைய குட்டைக் குழாயில் அதனால் ஓரமெல்லாம் மங்கும். எஸ்ஆர் என்பது ராம்ஸ்டன் வகை, அதுவும் பழசுதான். பிளாசல் வந்தது 1860-ல், நாலு வில்லை. ஒருதடவை அதில் பார்த்துவிட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

—

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடி வளையத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சூரியன் என்றோ சன் என்றோ எழுதியிருந்தால் இன்றைக்கே உடைத்துக் குழியில் போட்டுவிடுங்கள். ஐபீஸில் திருகுகிற சூரிய வடிகட்டி 114 மி.மீ. கண்ணாடி குவிக்கிற மொத்தச் சூட்டையும் தாங்கவேண்டியிருக்கிறது, எந்த நிமிடமும் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட நொடி கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதானால் குழாயின் முன்வாயை முழுக்க மூடுகிற, அதற்கென்றே செய்த வடிகட்டி போட்டுத்தான். குழந்தை கையாளுகிற பொருள் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நிலாவுக்கான பச்சையோ சாம்பலோ நிற வளையம் என்றால் பயமில்லை, வைத்துக்கொள்ளலாம்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வானம் காட்டியிருக்கிறேன். திங்களூர் நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். புது ஐபீஸ் வாங்குவதற்கு முன்னால் கண்ணாடிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வைக்கு நடுவில் கொண்டுவந்து, குவியத்தைக் கொஞ்சம் கெடுத்தால், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களும் நடுவில் கறுப்புப் பொட்டும் தெரியும். பொட்டு நடுவில் இருந்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், லாரியில் குலுங்கி வந்ததில் கண்ணாடி சாய்ந்திருக்கிறது, குழாயின் அடியில் இருக்கிற திருகுகளை மெல்ல மெல்லத் திருப்பிச் சரி செய்யலாம். எங்கள் பள்ளிக்கு வந்த முதல் டெலஸ்கோப்பில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடம் முழுக்க மங்கலாகவே பிள்ளைகளுக்குக் காட்டினேன். பள்ளிக்கூடம் முடித்துப் போன அந்த வகுப்பை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது, அவர்களுக்கு சனியின் வளையத்தை ஒழுங்காகக் காட்டவே இல்லை.

ஐபீஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்தது 8 முதல் 24 வரை போகிற ஜூம் ஐபீஸ். உங்கள் குழாயில் 37 மடங்கிலிருந்து 112 வரை வரும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இருட்டில் ஐபீஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது, கீழே வைக்கோலில் விழுந்தால் தேடுவதே பெரிய வேலை. ஜூமில் கழுத்தைத் திருகினால் போதும்.

—

உப்பளத்துக் காற்று எழுதியது:

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், ஜூமில் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கு அது சரி, ஒரு வீட்டுக்கு முதல் ஐபீஸாக வேண்டாம். இந்த விலையில் கிடைக்கிற ஜூம்களில் 24-ல் வைக்கும்போது பார்வைக்கோணம் 40 பாகைதான் இருக்கும், குழாய் வழியாகக் கிணற்றைப் பார்க்கிற மாதிரி. எங்கே விரிவாக வேண்டுமோ அங்கே குறுகிப்போகிறது.

நான் வேதாரண்யத்துக்காரன். இங்கே உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் விளக்கே இல்லை, கோடியக்கரை நோக்கிப் போகப் போக இருட்டு கெட்டியாகிறது. இந்த மாதிரி வானம் கிடைத்தவர்கள் எல்லாரும் கோளையே துரத்திக்கொண்டிருப்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நீங்களும் நீடாமங்கலத்துப் பக்கம் கிராமம் என்கிறீர்கள், பெருநகரத்துக்காரர்களுக்குக் கிடைக்காத இருட்டு உங்கள் வரப்பிலேயே இருக்கும். அதற்கு வேண்டியது குறைந்த மடங்கு. அதனால் நான் முதலில் வாங்கச் சொல்வது 32 மி.மீ. பிளாசல். உங்கள் குழாயில் 28 மடங்கு. திங்களூர்க்காரர் சொன்ன வெளிச்சப் பொட்டு அதில் 4 மி.மீ., ஒரு மிளகு அளவு. எவ்வளவு வானம் தெரியும் என்பதற்கும் கணக்கு உண்டு, ஐபீஸின் பார்வைக்கோணத்தை மடங்கால் வகுக்கணும். பிளாசலுக்கு 50 பாகை, 28-ஆல் வகுத்தால் 1.8 பாகை. நிலாவின் அகலம் அரைப் பாகைதான், மூன்று நிலாவை வரிசையாக வைத்தாலும் இடம் மிச்சம். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் ஒரே பார்வைக்குள் வந்து நிற்பார்கள். 4 ஐபீஸில் கார்த்திகையைப் பார்த்தால் ஏதோ இரண்டு நட்சத்திரம், அவ்வளவுதான்.

சித்திரை, வைகாசியில் தெற்கே ஒமேகா செண்டாரி என்று, நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட ஒரு கோளக் கொத்து வரும். வடக்கே ஐரோப்பாவில் இருப்பவர்கள் பெரும்பாலானோருக்கு அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை, நமக்கு 32 பாகை உயரம் வருகிறது. வெறும் கண்ணுக்குக் கலங்கிய ஒரு நட்சத்திரம். 28 மடங்கில் பஞ்சு. 100 மடங்கில் அந்தப் பஞ்சு உடைந்து, கருப்புத் துணியில் உப்புத் தூளைக் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாகச் சிதறும். நான் உப்புக்கு நடுவில் இருக்கிறவன், இந்த உவமையைத் தவிர வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

மடங்கைக் கெடுக்கிற இன்னொரு ஆள் காற்று. ஓடுகிற வாய்க்காலுக்கு அடியில் கிடக்கிற காசைப் பார்த்தால் நெளியுமே, அதுதான் உங்கள் வியாழனும் நெளிந்தது. காற்று முழுக்க மேலே மட்டும் இல்லை, பக்கத்திலும் இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடியும் சிமெண்டுக் களமும் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும், அதற்கு மேல் வைத்துப் பார்த்தால் தோசைக்கல்லுக்கு மேலே பார்க்கிற மாதிரி. புல்தரையில், மண்ணில் வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தவுடன் பார்க்காதீர்கள், கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வர அரைமணி நேரம் கொடுங்கள். கோள் உச்சிக்கு ஏறின பிறகு பாருங்கள். நமக்கு அதில் ஒரு வரம் உண்டு, 11 பாகை அட்சரேகையில் இருப்பதால் கோள்கள் போகிற பாதை ஏறக்குறைய தலைக்கு மேலேயே வருகிறது. இப்போது, 2026 மாசியில், வியாழன் புனர்பூசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாயங்காலம் எட்டு, ஒன்பது மணிக்கு அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். அடிவானத்தில் இருப்பதைவிட உச்சியில் குறுக்கே நிற்கிற காற்று எவ்வளவோ குறைவு.

பனியும் ஒரு தொல்லை. மாசியில் நம்ம பக்கம் நடுராத்திரிக்கு மேல் எல்லாம் நனைந்துவிடும், ஐபீஸ் திடீரென்று மங்கினால் பனி படிந்திருக்கும். துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். ஐபீஸைச் சட்டைப்பையில் போட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்தால் உடம்புச் சூட்டில் தானாகத் தெளிந்துவிடும்.

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, அந்த வளையத்தில் சன் என்றுதான் எழுதியிருந்தது. உடைத்துக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டேன். இன்னும் பத்து நாளில் மகள் சூரியனைப் பார்க்கலாமா என்று கேட்டிருப்பாள், நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

வெளிச்சப் பொட்டுச் சோதனையை இன்றைக்கு மத்தியானம் செய்தோம். அம்மாவிடம் கடுகும் கசகசாவும் வாங்கி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்துக்கொண்டு மகள் ஒப்பிட்டுப் பார்த்தாள். 20-ல் கடுகைவிடப் பெரிது, 4-ல் கசகசாவைவிடச் சின்னது. பார்லோவோடு அவளுக்குப் பொட்டே கண்ணுக்குப் படவில்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியதில்லை.

மூன்று சந்தேகம் பாக்கி. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன், கழற்றிவிட்டுப் பார்க்கணுமா? ஐபீஸ் எல்லா டெலஸ்கோப்புக்கும் பொருந்துமா, அளவு உண்டா? 32-உம் 9-உம் வாங்கினால் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறதே, அதற்கு 2 மடங்கு பார்லோ வாங்கிவிடலாமா?

—

திங்களூர் நிலா எழுதியது:

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், குவியத் திருகே அதைச் சரிசெய்துவிடும். பவர் சீட்டில் சிலிண்டர் என்ற இடத்தில் எண் பெரிதாக இருந்தால் அதைத் திருகால் சரிசெய்ய முடியாது, அப்போது கண்ணாடியோடுதான் பார்க்கணும், குறைந்த மடங்கில் அது முக்கியமாகத் தெரியும். கண்ணாடியோடு பார்க்க, ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே 15, 20 மி.மீ. இடம் வேண்டும். 32 பிளாசலில் அது தாராளமாக இருக்கும். சின்ன பிளாசல்களில் இருக்காது, 9-ல் இமை வில்லையில் உரசுகிற மாதிரி கண்ணைக் கொண்டுபோகணும். உங்கள் 4-ல் மகள் திணறினதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த ஓட்டையில் கண்ணை நிறுத்துவதே பெரியவர்களுக்குக் கஷ்டம்.

இதைக் கணக்கில் எடுத்தால் 9 பிளாசலுக்குப் பதிலாக 66 பாகை பார்வைக்கோணம் உள்ள 9 மி.மீ. வகை ஒன்று பாருங்கள். தங்க நிறக் கோடு போட்டு வருகிறதே, நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மேல்வில்லை பெரிதாக இருக்கும், குழந்தைக்கு ரொம்ப வசதி. உங்கள் குழாயில் 900-ஐ 114-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8, அதைத்தான் எஃப் 8 என்பார்கள். அந்த அளவுக்கு இந்த வகை ஐபீஸ் அலுங்காமல் வேலை செய்யும். எஃப் 5 குழாயில் ஓரத்து நட்சத்திரமெல்லாம் வால் முளைத்து நிற்கும், உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

அளவைப் பொறுத்தவரை, ஐபீஸ் நுழைகிற குழலின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 31.7 மி.மீ., அதாவது ஒன்றே கால் இன்ச் என்றால் சந்தையில் அதிகம் கிடைக்கிற அதே அளவு ஐபீஸ் எல்லாமே பொருந்தும். 24.5 என்றால் பழைய சின்ன அளவு, ஒன்றும் வாங்காமல் இங்கே மறுபடி வந்து கேளுங்கள்.

பார்லோ இப்போது வேண்டாம். பிற்பாடு வாங்கினாலும் ஒரு விஷயம் கவனிக்கணும், 20-ஐயும் 10-ஐயும் வைத்துக்கொண்டு 2 மடங்கு பார்லோ வாங்கினால் 20 மறுபடி 10 ஆகிவிடும், கையில் இருப்பதையே இன்னொருதரம் காசு கொடுத்து வாங்கின மாதிரி. உங்களிடம் 32, 20, 9 இருக்கப்போகிறது. 28, 45, 100. இதில் இடைவெளி எனக்குத் தெரியவில்லை.

—

பழைய வாத்தியார் எழுதியது:

உப்பளத்துத் தம்பி சொன்னது நியாயம்தான், ஒரு வீட்டுக்கு ஜூமைவிட 32 நல்லது. விட்டுக்கொடுக்கிறேன்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். 45 மடங்கில் வியாழன் வெறும் பொட்டு என்றீர்களே, கணக்குப்படி அந்தப் பொட்டு வெறும் கண்ணுக்குத் தெரிகிற முழு நிலா அளவு. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. இப்போது வியாழனின் அகலம் ஏறக்குறைய 43 விகலை, 45-ஆல் பெருக்கினால் 32 கலை, நிலாவின் அகலம் 31 கலை. சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாத கறுப்பில் இருப்பதால் மூளை அதைச் சின்னது என்று நினைக்கிறது. ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் வெள்ளை வட்டம். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் காற்று ஒரு நொடி அடங்கும், அப்போது குறுக்கே இரண்டு பழுப்புக் கோடு பளிச்சென்று வந்துவிட்டுப் போகும். அந்த நொடிக்காகக் காத்திருக்கப் பழகின பிள்ளைக்கு எந்த ஐபீஸும் போதும். நின்றுகொண்டு குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

திருநள்ளாற்றுக்காரரை இப்போது தேடாதீர்கள், சனி மேற்கே சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆவணி, புரட்டாசியில் ராத்திரி நன்றாக மேலே வரும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பாகத் திரும்பி நின்றது, அதனால் இந்த 2026-லும் ஒல்லியாகத்தான் இருக்கும், இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். உங்கள் மகள் பள்ளி முடிக்கும்போது நன்றாகத் திறந்திருக்கும்.

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். குழல் 31.7 தான். 32 பிளாசலும் தங்கக்கோடு 9-உம் வாங்கிவிட்டேன். கண்ணாடி கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது, வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நட்சத்திரத்தை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் திருகித் திருகி நேராக்கினேன், கறுப்புப் பொட்டு நடுவில் வந்து நின்றபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

களத்தை விட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் புல்லில் வைத்தோம். 9-ல் அந்த இரண்டு பழுப்புக் கோட்டையும் முதலில் பார்த்தது மகள்தான், எனக்கு அதற்கப்புறமும் ஐந்து நிமிடம் ஆனது. நாலு நிலவும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தினமும் ஒரு நோட்டில் கோடு போட்டு வைக்கிறாள், உள்ளே இருக்கிற ஒன்று மட்டும் ஒவ்வொரு நாளும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அது 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறதாம், அவளே பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடிப் படித்துச் சொன்னாள். நேற்று என் அம்மாவும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்கள். வருடா வருடம் ஆலங்குடிக்குப் போய் குருவுக்கு விளக்குப் போடுகிறவர்கள். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவருக்கு இத்தனை பிள்ளைகள் இருக்கிறது எனக்குத் தெரியாமல் போச்சே என்றார்கள்.

ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் இருக்கிற புகைமேகத்தை 32-ல் பார்த்தால் இறக்கை விரித்த மாதிரி இருக்கிறது, 9-ல் அதன் நடுவே நாலு நட்சத்திரம் நெருக்கமாகத் தனித்தனியே தெரிகிறது. ஒரே பொருளை இரண்டு மடங்கில் இப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

உப்பளத்து அண்ணன் சொன்ன ஒமேகா செண்டாரியைப் பார்த்தே ஆகணும் என்கிறாள். சித்திரையில் எத்தனை மணிக்கு, எங்கே தேடுவது?

—

உப்பளத்துக் காற்று எழுதியது:

சித்திரை முதல் தேதி வாக்கில் நடுராத்திரி பன்னிரண்டு மணி சுமாருக்கு நேர் தெற்கே நிற்கும், மாதக் கடைசியில் பத்து மணிக்கே வந்துவிடும், குழந்தைக்கு அதுதான் வசதி. அமாவாசையை ஒட்டின நாளாகப் பாருங்கள். தெற்கே தென்னை மறைக்காத வரப்பில் நின்று, கையை நீட்டி முட்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று முட்டி வைத்தால் அந்த உயரம். முதலில் 32-ல் தேடுங்கள், பஞ்சு மாதிரி ஒன்று சிக்கும். சிக்கினதும் குழாயை அசைக்காமல் 9-ஐ மாட்டி மகளை முதலில் பார்க்க விடுங்கள்.